நான்காவது படி

அண்ணன் இருபது நாற்காலி போடச் சொன்னான். வாடகைக்கு எடுத்த மாடி அறை. மின்விசிறி ஒன்று சுற்றியது, ஒன்று சும்மா தொங்கியது.

"இருபது பத்துமான்னு பாரு," என்றான்.

"நின்னு பாக்குற அளவுக்கு நீ என்ன சினிமா ஸ்டாரா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

ஆறு வருடமாகத் தனியாக ஒரு மென்பொருள் எழுதி வருகிறான். நிரல் தெரியாதவர்களும் தங்கள் இணையதளத்தில் தாங்களே எழுதலாம், படம் போடலாம். இலவசம். திறந்த மூலம் என்பதால் அதன் நிரலை யாரும் படித்துத் திருத்தலாம். இதுவரை யாரும் திருத்தியதில்லை. இன்று நிரலாளர்களுக்கு அதை அறிமுகப்படுத்துகிறான். ஒருவராவது கூடச் சேராவிட்டால் இதோடு மூடிவிடுவதாகக் காலையில் பொத்தான் மாட்டிக்கொண்டே சொன்னான்.

மூன்று பேர் வந்தார்கள். இருவர் ஒரே அலுவலக நண்பர்கள். மூன்றாவது, கைப்பையைக் கீழே வைக்காத ஓர் அக்கா.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே அண்ணன் பேசி முடித்தான். "இப்ப நீங்களே நிறுவிப் பாருங்க. அஞ்சே படிதான்."

நான்காவது படியில், அவர்கள் கொண்டுவந்த மூன்று லேப்டாப் திரையிலும் சிவப்பில் பிழை என்று ஒரு வரி வந்து நின்றது.

"என்னோடதுல வேலை செய்யுதே!" என்று அண்ணன் ஒவ்வொருவரிடமாக ஓடினான்.

"அப்ப உங்க லேப்டாப்பையே ஆளுக்கு ஒண்ணா குடுத்துடுங்க சார்," என்றார் நண்பர்களில் ஒருவர். அரைமணி நேரம் கழித்து இருவரும், "அப்புறம் பாக்கறோம் சார்," என்று எழுந்து போனார்கள்.

அக்கா போகவில்லை. அவன் கணினியையும் தன்னுடையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். "தம்பி, இந்த ஒரு கோப்பு உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. வெளியில போட்டதுல சேர்க்கவே இல்ல."

அண்ணன் அந்தக் கோப்பின் தேதியைப் பார்த்தான். "முதல் வருஷம் எழுதினது."

"அப்போலேருந்து யாரும் சொல்லலயா?"

"ஒரு புகார்கூட வந்ததில்லக்கா."

வீட்டில் இதை எத்தனையோ முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறான். நூற்றுக்கணக்கானவர்கள் அதைப் பதிவிறக்கியிருந்தார்கள். அத்தனை பேரும் நான்காவது படி வரை வந்து, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். அவன் அது ஓடுகிறது என்றே நினைத்து மேலே மேலே கட்டியிருக்கிறான்.

"புகார் எங்க எழுதணும்?" என்று கேட்டாள் அக்கா. காலியாக இருந்த பக்கத்தைக் காட்டினான். இரண்டு வரி தட்டினாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். கூடச் சேருவீர்களா என்று அவன் கேட்பான் என நினைத்தேன். வாய் திறந்தது, "பாத்துப் போங்கக்கா," என்றுதான் வந்தது.

நான் நாற்காலிகளை மடக்கினேன். உட்காரப்படாதவை பதினேழு. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். புகார்கள்: ஒன்று.

"மூடப்போறேன்னியே?"

"ஒருத்தங்க கேட்டிருக்காங்கல்ல," என்றான். "பதில் சொல்லாம எப்படி மூடுறது?"

அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கக் கேட்டேன். கொஞ்சம் பொறு என்று கை காட்டினான்.