மேலே வருதல்

1.

இந்தக் கதை நான் திட்டு வாங்கியதில் பிறந்தது. ‘உழைப்பால் மேலே வந்தவர் ஒருவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள்’ என்று எங்கள் பேட்டைச் சங்கத்து ஆண்டு மலருக்காகச் செயலாளர் பால்ராஜ் கேட்டார். தலையாட்டிவிட்டு, என் சிறுவயதுத் தோழி லவினாவுக்குப் போன் போட்டேன்.

“நான் எங்கடி மேல வந்தேன்? இன்னும் தரை தொடச்சிகினுதான இருக்கேன்” என்று வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபடி ஆரம்பித்தவள், பெங்களூரில் அவள் இறங்கும் வைட்ஃபீல்ட் வரும்வரை நிறுத்தவில்லை.

2.

‘உழைப்பின் மறுபெயர் லவினா.’ (சீ. மலர் அஞ்சலி மாதிரி இருக்கிறது.)

‘விடியுமுன் தங்கவயல் ரயிலைப் பிடிக்கும் ஒரு பெண், ஒருநாள்—’ (ஒருநாள் என்ன ஆனாள்? எனக்கே தெரியாது. விடுங்கள்.)

ஒழுங்காகவே சொல்கிறேன். நாங்கள் இருவரும் கோலார் தங்கவயலில் தொழிலாளர் குடியிருப்பின் ஒரே லைனில், பக்கத்துப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர்கள். இரண்டு அப்பாக்களும் சுரங்கத்தில். ஷிப்ட் முடிந்து சைரன் ஊதியதும் அம்மாக்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். முதலில் வீடு திரும்புகிறவரை நிறுத்தி, “அவரு மேல வந்துட்டாரா?” என்று கேட்பார்கள். “வந்துட்டாரு” என்ற பிறகுதான் உலை வைப்பார்கள். எங்கள் ஊரில் மேலே வருவது என்றால் வசதியாவது இல்லை, உயிரோடு திரும்புவது.

அந்தச் சாயங்காலங்களுக்கு இப்போதும் ஏங்குகிறேன். வறுமைக்கா ஏங்குகிறாய் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். அந்த “வந்துட்டாரு”வுக்கு ஏங்குகிறேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எவ்வளவு பலசாலியானாலும் அந்த ஆழத்திலிருந்து ஒருவர் தானாக ஏறி வர முடியாது. கீழே மணி அடிப்பார்கள். மேலே இன்ஜின் ரூமில் இருப்பவர் ஆட்கள் நிற்கும் கூண்டை இழுப்பார். இதைச் சொன்னபோது பால்ராஜ், பாசிட்டிவாக எழுதச் சொன்னார்.)

3.

சுரங்கத்தை மூடினார்கள். பத்தாவதில் என்னைவிட லவினாவுக்குத்தான் மார்க் அதிகம். ஆனால் பெங்களூர் மர்பி டவுனில் பெரியம்மா வீடு இருந்தது எனக்கு. தங்கிப் படித்தேன். அவளுக்கு அப்படி யாரும் இல்லை. ரயிலேறி, வைட்ஃபீல்டில் ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்தாள். பூ கட்டுகிறவர்களுக்கும் சீட்டாடுகிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து தபால்வழியில் டிகிரி முடித்தாள். இங்கிலீஷும் அந்த ரயிலில்தான் படித்தாள்.

அதே ஆபீஸின் நாலாவது மாடியில், ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு முயன்றாள். முதல்முறை நேர்காணல் அன்று பங்காருபேட்டையில் ரயில் நின்றுவிட்டது. அடுத்தமுறை, தபால்வழி டிகிரி செல்லாது என்றார்கள். இப்போது செல்லுமாம். இன்று மறுபடி நேர்காணல். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

(இன்னும் கொஞ்சம் உழைத்திருக்கலாமே என்கிறீர்களா? எங்கே நுழைப்பது ஐயா, அந்த உழைப்பை? அவள் நாளில் ஓர் இடம் காட்டுங்கள், எழுதிவிடுகிறேன்.)

4.

முடிவு அ: வேலை கிடைக்கிறது. எல்லாம் உழைப்பு என்பார் பால்ராஜ்.

முடிவு ஆ: கிடைக்கவில்லை. அதற்காக அவள் உழைத்தது ஒரு துளியாவது குறைந்துவிடுமா? இங்கேதான் என் கதை முட்டிக்கொண்டு நிற்கிறது.

“ரிசல்ட்டுக்கு முன்னாடி முடிச்சிடாதடி” என்று சொல்லியிருக்கிறாள். காத்திருந்தேன். போன் வந்தது.

“மேல வந்துட்டேன்டி.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டதா என்று கத்தினேன்.

“ஐயே, நாலாவது மாடிக்கு வந்துட்டேன்னு சொன்னேன். இன்னும் கூப்டல. இன்னிக்கு முன்பக்க லிப்ட்டுலயே வந்தேன், தெரியுமா?”

அவளைப் பின்பக்க லிப்டில்தான் விடுவார்கள். அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போனை அணைக்காமலே பையில் போட்டுக்கொண்டாள். செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

நான் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கீழேயிருந்து மணி அடித்துவிட்டாள்.