லேபிள் இல்லாத விருந்து

பண்டிகை மத்தியானம் அப்பா சாப்பிட வருகிறார் என்று தெரிந்ததிலிருந்து சிட்டுவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வருகிறவர் லேசுப்பட்டவரா? ஆயிரம் பேர் விருந்தை அசராமல் சமைத்து இறக்குகிற சமையல்காரர். அடுத்தவர் சமைத்ததைச் சாப்பிடுவதுதான் அவருக்கு ஆகாது. சொந்தத் தம்பி வீட்டில் சோறு குழைந்துவிட்டது என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர், அதோடு தம்பி உறவையே விட்டுவிட்டார்.

சிட்டுவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. இதுவரை அவர் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. "முதல்ல அந்த வீட்ல அடுப்பு எரியுதான்னு பாரு" என்று போனில் குத்துவார். அப்படிப்பட்டவர் தானாகவே வருகிறேன் என்கிறார். இங்கேயும் எழுந்து போனால், சித்தப்பாவுக்கு நடந்ததுதான் தனக்கும் என்று அவளுக்குத் தெரியும். அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்த ஒரு மனுஷர்தான்.

இந்த லட்சணத்தில், முந்தாநாள் அவள் புருஷன் சாவகாசமாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். "பண்டிகைக்கு எங்க வீட்ல சமைக்க மாட்டோம். டின்தான்."

"என்ன டின்?"

"அது திறந்தாத்தான் தெரியும்."

மாமனாருக்கு ஒரு பெரிய மளிகைக் கிடங்கில் வேலை. லேபிள் கிழிந்துபோன டின்களை விற்க முடியாது. வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அவர் வருஷம் முழுக்கச் சேர்த்து வைப்பார். பண்டிகையன்று மேஜைமேல் அடுக்குவார். ஆளுக்கு ஒன்றாக எடுத்துத் திறக்க வேண்டும். உள்ளே இருப்பதுதான் விருந்து, கூடக் கடையில் வாங்கிய ரொட்டி. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது மாமியார் பண்டிகையும் அதுவுமாகக் காய்ச்சலில் படுத்துவிட, வெந்நீர்கூடப் போடத் தெரியாத மாமனார் கண்டுபிடித்த வழி இது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் காய்ச்சலே இறங்கிவிட்டதாம். பிறகு யார் விடுவார்கள்?

"இந்த ஒரு வருஷம் மட்டும் நிறுத்திடலாமே" என்று கெஞ்சினாள்.

"நீயே அப்பாகிட்ட சொல்லு" என்று நழுவிவிட்டான் புருஷன். போனாள். மாமனார் ஈரத் துணியால் டின்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். "சம்பந்திக்கு நல்லா கனமான டின்னா எடுத்து வெச்சிருக்கேம்மா" என்றார். அதற்குமேல் எப்படிச் சொல்வது? திரும்பி வந்துவிட்டாள்.

அப்பா வந்தார். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினார். தாளித்த வாசனை இல்லை, வதக்கிய வாசனை இல்லை. நேராக மேஜையைப் பார்த்தார். மொட்டை மொட்டையாகப் பதினோரு டின்கள் நின்றன. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சாப்பாடு எங்கே?" என்றார்.

"இதுதான் சம்பந்தி" என்று பெருமையாகச் சொன்னார் மாமனார். விதிகளையும் சொன்னார். அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

எப்படியோ உட்கார்ந்துவிட்டார். மாமியார் ஒரு டின்னைக் குலுக்கி, "நீங்க பெரிய சமையல்காரர், சொல்லுங்க பாப்போம்" என்று நீட்டினார். அப்பா காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "பட்டாணி" என்றார் தீர்மானமாக. திறந்தால் அன்னாசிப்பழம். மேஜையே கொல்லென்று சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

அடுத்தது அப்பாவின் முறை. கனமான டின்னாகப் பார்த்து எடுத்தார். ஓப்பனரை வைத்து லாகவமாக ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே சாம்பல் நிறத்தில் கூழாக ஏதோ இருந்தது. எதையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவது அவர் தொழில் பழக்கம். யாரும் தடுப்பதற்குள் விரலால் தொட்டு வாயில் வைத்துவிட்டார். கண்ணை மூடி யோசித்தார்.

"மீன். நல்லா வெந்திருக்கு. ஆனா காரமும் இல்லை, உப்பும் இல்லை. செஞ்சவனுக்கு நாக்கே கிடையாது போல."

மாமியார் எட்டிப் பார்த்தார். "ஐயையோ சம்பந்தி, அது பூனைக்குப் போடறது."

சொல்லி முடிக்கவில்லை, மாமனாரும் புருஷனும் படபடவென்று கை தட்டினார்கள். பூனை டின் வந்தவருக்குத்தான் அந்த வீட்டில் அந்த வருஷ ராஜ மரியாதை. மீதி டின்களில் முதல் பங்கு அவருக்கு. அந்த ஒரு விதியை மட்டும் அப்பாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஊருக்கே சோறு போடுகிற மனுஷரின் வாயில் பூனைச் சாப்பாடு, அதற்குச் சம்பந்தி வீட்டில் கைதட்டல். சிட்டுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சமையலறைக்குள் போய்விட்டார். கைதட்டல் பாதியில் நின்றது.

முடிந்தது கதை என்று சிட்டு பின்னாலேயே ஓடினாள். அவர் குழாயைத் திறந்துவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தாள். திரும்பினார், சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்பா இப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டாள்.

"அப்பா... கோவம் இல்லையா?"

"பூனைச் சாப்பாட்டுக்கு உப்பு பத்தலைன்னு சொல்லியிருக்கேன், கோவம் வேறயா?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் போற எடத்துல எல்லாம் சமைச்சவங்க என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பாங்க. என் தம்பி பொண்டாட்டி அன்னிக்குப் பரிமாறறப்போ கை நடுங்குச்சு. இங்கே யாரும் சமைக்கவே இல்லை. என்னைப் பாத்து பயப்பட ஒருத்தரும் இல்லை. நல்லா இருக்கு."

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. சிரிக்கப் போனாள். அதற்குள் அவர் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"ஆமா, நீ ஏன் எனக்கு ஒரு தடவைகூடச் சமைச்சுப் போட்டதில்லை?"

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய் வாயில் வரவில்லை.

"போட்டேனேப்பா. பத்து வயசுல. வேலை முடிஞ்சு வருவீங்கன்னு கஞ்சி வெச்சிருந்தேன். ஒரு வாய் பாத்துட்டு, அப்படியே சிங்க்ல கொட்டிட்டுப் போய்ப் படுத்துட்டீங்க."

"நானா?"

"அதுக்கப்புறம் பயம்ப்பா."

அப்பா நினைவில் தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இவள் இத்தனை வருஷம் சுமந்ததில் ஒரு துளிகூட அவரிடம் இல்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார். கூடத்திலிருந்து, "சம்பந்தி, கோவிச்சுக்கிட்டீங்களா?" என்று மாமனார் பயந்த குரலில் கூப்பிட்டார்.

அப்பா அடுப்பைப் பார்த்தபடி, "முட்டை இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"ஒண்ணு பொரிச்சுக் குடேன்."

வாணலியை அடுப்பில் வைத்தாள். எண்ணெய் ஊற்றும்போதே கை நடுங்கியது. பக்கத்தில் அவர் நின்றார். தீ அதிகமா, எண்ணெய் காய்ந்ததா என்று கரண்டி பிடித்தவர் கையையே பார்த்துப் பழகிய கண்கள். அவளால் முட்டையை உடைக்க முடியவில்லை.

அப்பா அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டார். அவள் கூப்பிடும்வரை திரும்பவே இல்லை.