தாங்கும் சார்

கப்பிக்குப் பக்கத்தில் கயிற்றின் ஒரு புரி அறுந்தது. மேலே போய்க்கொண்டிருந்த டிரான்ஸ்பார்மர் ஒரு முழம் சரிந்து நின்றது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருந்த சேசுராஜின் வலது கால் அதற்கும் சட்டத்துக்கும் இடையில் சிக்கிக்கொண்டது.

"அத்தான்! கால் போச்சு அத்தான்!"

கீழே, செம்பூர் ரோட்டில், மூன்று பேரோடு கயிற்றைப் பிடித்திருந்தான் தனசீலன். மேலே இருப்பவன் அவனுடைய மனைவியின் தம்பி. பக்கத்துக் கம்பத்தின் அடியில் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, காலை ஊன்றிச் சாய்ந்தான்.

அரை டன் பாரம். செயின் கப்பி இல்லாமல் அதைத் தொடவே கூடாது. அந்தக் கப்பி மான்குர்தில் நடக்கும் வேறொரு வேலைக்குப் போயிருந்தது. "இன்னிக்கு ஏத்தியாகணும். இந்தக் கயிறு தாங்குமோல்லியோ, தனசீலா?" என்று காலையில் சூபர்வைசர் சந்திரமௌலி கேட்டார். கயிறு நைந்திருந்தது அவனுக்குத் தெரியும். முடியாதென்றால் வேலை வேறு கூட்டத்துக்குப் போய்விடும். கெஞ்சிக் கூத்தாடிப் போன வாரம் சேர்த்துவிட்ட சேசுராஜைத்தான் முதலில் நிறுத்துவார்கள். "தாங்கும் சார்" என்று சொல்லிவிட்டான்.

இப்போது சந்திரமௌலி வெளிறிப்போய் டிரைவர் ஜமாலை லாரியோடு மான்குர்துக்கு விரட்டினார். "செயின் பிளாக் கொண்டு வா! ஜல்தி!"

வெயில் ஏறியது. கயிறு தனசீலனின் உள்ளங்கையைத் தின்றது. இரண்டாவது புரியிலும் நார் நாராகப் பிரிவது கீழிருந்தே தெரிந்தது. மேலே இழுத்தால் மொத்தக் கயிறும் அறுந்துவிடும்.

"சேசு, கண்ண மூடாதல. எங்கூடப் பேசு."

"தாகமா இருக்கு அத்தான்."

"இந்தா, லாரி வந்துரும்."

வார்த்தை வரும்வரைக்கும் சேசுராஜ் பேசினான். பிறகு மாதாவை மட்டும் கூப்பிட்டான்.

முக்கால் மணி நேரம் கழித்து லாரி வந்தது. செயின் கப்பியை மாட்டிப் பாரத்தை நாலு விரல்கடை தூக்கினார்கள். சேசுராஜை இறக்கியபோது அவனுக்கு நினைவில்லை.

உயிருக்குப் பயமில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். தாராவியிலிருந்து ஓடி வந்த தனசீலனின் மனைவி சேசம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கைகள் மூடியபடியே விறைத்திருந்தன. அழுதுகொண்டே ஈரத் துணியால் ஒற்றி, ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"நீங்க புடிச்சிருக்காட்டா அவன் செத்திருப்பானாம். அந்த சார் சொன்னாவ."

தனசீலன் தரையைப் பார்த்தான்.

"அந்தக் கயிறு தாங்கும்னு சொன்னது நாந்தான் சேசம்மா."

மூன்றாவது விரலில் அவள் கை நின்றது. துணியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.