உயரக் கதவு எந்தப் பக்கம்

ஆங்கிலேய மாவட்டமான சஃபோக்கின் ஒரு சிற்றூரில் எனோக் தர்லோவின் தாத்தா கட்டிய களஞ்சியம் நூறு அறுவடை கண்டது. ஓக் மரத்தைப் பச்சையாகவே செதுக்கி, தூணுக்குத் தூண் உளியால் எண் வெட்டி, சட்டத்தில் இரும்பாணி ஒன்றுகூட இல்லாமல் மரமுளைகளாலேயே கோத்திருந்தார். சாலைப் பக்கம் உயரக் கதவு, பாரவண்டி நுழைய. நடுவில் போரடிக்கும் தளம். எதிர்ப்புறம் குட்டைக் கதவு, காலிவண்டி வெளியேற.

எனோக்கின் குத்தகை முடிந்ததும் நிலக்காரர் அதை அமோஸ் பிரிக்ஸுக்கு விற்றார். பிரிக்ஸ் மது காய்ச்சுவோருக்கு முளைகட்டிய பார்லி விற்றுப் பணக்காரரானவர். களஞ்சியத்தைக் கழற்றி, தேவாலயத்துக்கு மறுபுறம், சாலையின் அதே ஓரத்தில் இருந்த தன் பண்ணையில் நிறுத்த வெளியூர்த் தச்சர்களைக் கூட்டிவந்தார்.

மரம் போனாலும் தாத்தாவின் வேலை கெடக்கூடாது என்று எனோக் தானே பிரிக்ஸிடம் போய்ப் பேசினார். ஞாயிறு வழிபாடு முடிந்து ஊரே தேவாலய வாசலில் நின்றது.

"எண்ணை எப்படிப் படிக்கணும்னு நான் வந்து காட்டறேன்."

பிரிக்ஸ் சிரித்தார். "உம்ம தயவு வேணாம்யா. அந்த மரத்தைச் செதுக்குனது எங்க தாத்தா. உம்ம தாத்தா மரத்தூள் கூட்டிக்கிட்டு நின்ன ஆளு."

நாலு பேர் சிரித்தார்கள். எனோக் தொப்பியை மாட்டிக்கொண்டு வீடு வந்தார். 

தச்சர்கள் எண்களைக் கண்டுகொண்டார்கள். ஒன்றாம் எண் தூண் பழைய இடத்தில் தேவாலயத்தைப் பார்த்த முனையில் இருந்ததால், புது இடத்திலும் அப்படியே இருக்கட்டும் என்று பிரிக்ஸ் கட்டளையிட்டார். களஞ்சியம் இப்போது நிற்கப்போவது தேவாலயத்தின் மறுபுறம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. முதல் சட்டம் எழுந்த அன்றே எனோக்குக்குப் புரிந்தது: முழுக் களஞ்சியமும் சாலைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கப்போகிறது. தலைமைத் தச்சன் சந்தேகப்பட்டு ஒருமுறை வாயெடுத்தபோது, கூலிக்கு வந்தவன் கூலிக்காரனாக இரு என்று பிரிக்ஸ் அடக்கிவிட்டாராம்.

"இப்பவாச்சும் சொல்லிடுங்க மாமா," என்றாள் எனோக்கின் மருமகள் டாம்சின்.

"மரத்தூள் கூட்டுனவன் பேரனுக்கு என்னம்மா தெரியும்."

கோடை முழுக்கத் தினமும் அந்த வழியே நடந்தார். சட்டம் எழுவதைப் பார்த்தார். பலகை அடிப்பதைப் பார்த்தார். வீடு திரும்பினார்.

ஆகஸ்டில் கோதுமை அறுப்பு தொடங்கியது. முதல் வண்டியே ஊர் மெச்ச வரவேண்டும் என்று பிரிக்ஸ் அதற்குப் பச்சைக் கிளை கட்டி, கட்டுகளை மலைபோல் ஏற்றி, வேலியோரம் ஊரை நிறுத்தி ஓட்டிவரச் செய்தார். சாலைப் பக்கம் வந்துவிட்ட குட்டைக் கதவுக்குள் குதிரைகள் போயின. பாரம் போகவில்லை. மேல்விட்டத்தில் இடித்துக் கட்டுகள் சரிந்தன. மேற்கே வானம் கறுத்திருந்தது.

"ஏன்யா, தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டா இருந்தீரு?" வேலியோரம் நின்ற எனோக்கைப் பார்த்துக் கேட்ட பிரிக்ஸின் முகம் சிவந்திருந்தது.

"உங்க தாத்தா செதுக்குனதுதானே. எந்தப் பக்கம் வாசல்னு வீட்டுல சொல்லித் தந்திருப்பாருன்னு நெனச்சேன்."

இப்போது யாரும் சிரிப்பை அடக்கவில்லை. முதல் தூறல் விழுந்தது. மற்ற வண்டிகளும் பின்னால் வரிசையாக நின்றன.

பிரிக்ஸ் குரலைத் தாழ்த்தினார். "சரி. கட்டுனது உம்ம தாத்தாதான். வழி சொல்லும்."

"ஊர் காதுல விழலை."

தொப்பியைக் கழற்றி, ஊர் கேட்க மறுபடி சொன்னார் பிரிக்ஸ்.

எனோக் களஞ்சியத்தைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். உயரக் கதவுக்கு நேர் எதிரே, கிளை கொள்ளாமல் காய்த்து நின்றன, பிரிக்ஸின் அப்பா கையால் நட்ட ஆறு பேரிக்காய் மரங்கள்.

"வண்டி இப்படித்தான் வரணும். ஆறையும் வெட்டிரு."

கோடரி எடுத்துவர ஆள் ஓடினான். ஆறாவது மரம் விழும்வரை எனோக் மழையில் நின்றார், தொப்பி தலையிலேயே.