சத்யபிரியா கேட்கும் பாட்டு

சுகுமாருக்குத் தன் மனைவி மேல் சந்தேகம் வந்ததே பாட்டினால்தான்.

சத்யபிரியா மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அங்கே அர்ஜென்டினா வாடிக்கையாளர்களிடம் பேசுவதற்காக ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டுக் கேட்டால் மொழி சீக்கிரம் வரும் என்றார்களாம். மொழி வந்ததோ இல்லையோ, டாங்கோ வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்த ஊர் ஜனங்கள் ஜோடி சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கான பாட்டு. இயர்போனை மாட்டிக்கொண்டு வெண்டைக்காய் நறுக்குவாள், கண்ணில் தண்ணீர் வழியும். வெங்காயம் என்றாலாவது நம்பலாம்.

அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்து அந்தப் பாட்டுகளைத் தமிழாக்கிப் பார்த்தான். எல்லாம் ஒரே ஒப்பாரி. துரோகி, பொய்க்காரா, என்னை ஏன் ஏமாற்றினாய். சுகுமாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. எவனோ ஒரு அயோக்கியன் இவளை ஏமாற்றியிருக்கிறான், அவனை நினைத்துத்தான் அழுகிறாள்!

தான் கள்ளன் பிறரை நம்பான் என்பார்கள். திருமுடிவாக்கத்தில் ஷிப்ட் முடிந்து அஸ்தினாபுரம் வீட்டுக்கு வருமுன், முடிச்சூரில் சின்மயி என்பவளின் பிளாட்டுக்கு அடிக்கடி போய்வருகிற மகராசன் இவன். அது வேறு விஷயமாம். இது குடும்ப மானமாம்.

ஒருநாள் லீவு போட்டுவிட்டு மெப்ஸ் வாசலில் ஒளிந்து நின்றான். அவள் இரண்டு பெண்களோடு வெளியே வந்தாள், ஷேர் ஆட்டோ ஏறினாள், வீட்டுக்குப் போனாள். ஆள் எவனும் இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தால் கண்ணிலேயே படாமல் இருப்பான்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"உன்ன அழ வெச்சுகினு கீறானே, அவன்."

அவள் ஒரு இயர்போனை அவன் காதில் செருகினாள். "நானே அர்த்தம் சொல்றேன், கேளுங்க."

ஆர்மோனியம் மாதிரி ஏதோ இழுத்தது. ஒருவன் அடித்தொண்டையில் பாடினான்.

"நீ வருவேன்னு லைட்ட அணைக்காம உக்காந்திருந்தேன்" என்றாள்.

நீ என்றது சுருக்கென்றது. பாட்டில் அப்படித்தான் வரும் என்று பொறுத்துக்கொண்டான்.

"நீ சொன்ன பொய்யெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி சிரிச்சேன்."

பாடுகிறவன் யார் பெற்ற பிள்ளையோ, பாவம் என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

"முடிச்சூர்ல, அந்த பிளாட் வாசல்ல உன் வண்டி நின்னுட்டு இருந்துச்சு. மழை. சீட்டு நனையுதேன்னு நான்தான் பிளாஸ்டிக் கவரப் போட்டு மூடிட்டு வந்தேன்."

அந்தக் கவரை வாட்ச்மேன் போட்டதாக நினைத்து, அவருக்குத் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தவன் சுகுமார்.

"இனிமே நனைஞ்சா நனையட்டும்" என்று சொல்லி, அவன் காதிலிருந்து இயர்போனை எடுத்துக்கொண்டாள்.