ஊறின திராட்சையின் எடை

எனக்கு வாய் நீளம்னு வீட்டுல எல்லாரும் சொல்வாங்க. அதைப் பெருமையா நினைச்சிட்டிருந்தவதான் நான்.

பேக்கரிக்கு எலக்ட்ரானிக் தராசு வந்ததும், இனிமே கப் கணக்கு வேண்டாம், எல்லாம் கிராம்ல இருக்கணும்னு ஓனர் சொல்லிட்டார். பதினோரு வருஷமா அங்க கேக் போடுறவ நான். ஒவ்வொரு சாமானையும் ஒரு கப் அளந்து நிறுத்து, தாள்ல எழுதி, சுவர்ல ஒட்டினேன். உலர்ந்த திராட்சை, ஒரு கப், இருநூத்தி நாப்பது கிராம்.

என் கொழுந்தன் பொண்டாட்டி, சின்னவ, வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு. நான் சொல்லித்தான் எடுத்தாங்க. மாசக் கடைசியிலதான் நிரந்தரமா வச்சுக்கலாமான்னு முடிவு. பழக் கேக் ஆர்டர் வந்தப்போ, "அக்கா, திராட்சை அதிகமா தெரியலையா?"ன்னு கேட்டா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்லி அவ வாயை அடைச்சேன். அவளும் நாலு கப்புக்கு என் தாள்ல இருந்தபடியே நிறுத்துப் போட்டா.

ஆறு கேக்கும் நடுவுல குழிஞ்சு போச்சு. வெட்டினா பழமெல்லாம் அடியில, மேல வெறும் மாவு. ஓனர், கவுண்டர்காரம்மா, டெலிவரிக்காரர் எல்லாரும் வந்து நின்னாங்க. எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. இவளுக்கு அளக்கக்கூடத் தெரியாது, சொந்தம்னு கூட்டிட்டு வந்தது என் புத்தின்னு கத்தினேன். நாளையிலிருந்து வரவேண்டாம்னு ஓனர் சொல்லிட்டார். சின்னவ சுவர்ல இருந்த தாளை ஒரு தடவை பார்த்தா, என்னைப் பார்த்தா, ஏப்ரனைக் கழட்டி மடிச்சு வச்சுட்டுப் போயிட்டா.

மறுபடி நானே போட்டேன். அதுவும் குழிஞ்சுது.

அப்பதான் உலர்ந்த திராட்சையை ஒரு கப் எடுத்துத் தராசுல கொட்டினேன். நூத்தி ஐம்பது. தாள் எழுதின அன்னிக்கு நான் நிறுத்தது, முந்தின நாள் பழரசத்துல ஊறப் போட்ட திராட்சை. ரசத்தைக்கூட வடிக்கலை. நாக்கைப் பிடுங்கிக்கிட்டு சாகலாம் போல இருந்துச்சு. எடையைச் சரியா போட்டு ஆர்டரை அனுப்பினேன், ஆனா யார்கிட்டயும் வாயைத் திறக்கலை. இத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு இதுகூடத் தெரியலையான்னு சிரிப்பாங்களேன்னு பயம்.

சாயங்காலம் அவ வீட்டுக்குப் போனேன். துணி மடிச்சிட்டிருந்தா. கதவைச் சாத்திட்டு, தப்பு என்னோடதுதான், மன்னிச்சுடுன்னு மெதுவா சொன்னேன்.

"தெரியும்க்கா. உங்ககிட்ட கேட்கறதுக்கு முன்னாடியே கப்புல அளந்து பார்த்துட்டேன்"னா.

"அப்புறம் ஏன்டி சொல்லலை?"

"கேட்டேனே. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

அவ கடைசித் துணியையும் மடிச்சு வச்சா.

"திட்டினது நாலு பேர் முன்னாடி. மன்னிப்பு மட்டும் கதவைச் சாத்திட்டாக்கா?"

ராத்திரி முழுக்க அதே கேள்விதான்.

காலையில ஓனர், கவுண்டர்காரம்மா, டெலிவரிக்காரர் மூணு பேரையும் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டேன். சுவர்ல இருந்த தாளைக் கிழிச்சேன். என் குரல் எனக்கே கேட்கலை, அதனால ரெண்டு தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு.

"அவ சரியாத்தான் நிறுத்தா. நான் எழுதினதுதான் தப்பு."