லாரி வந்தாச்சு, பதிப்பு 0.9

0.1

காலை ஆறு மணிக்கு இத்ரீஸ் எழுந்தான். பல் தேய்த்தான். உப்புத் தண்ணீரில் முகம் கழுவினான். பால் காய்ச்சி டீ போட்டான். இரண்டு டம்ளர் எடுத்தான், ஒன்றைத் திரும்ப வைத்தான்.

(கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். மனைவியை இழந்தவன் என்று காட்ட எல்லாரும் இரண்டு டம்ளரைத்தான் எடுக்க வைக்கிறார்கள். இவன் ஒன்றுதான் எடுத்தான். நான்கு மாதத்தில் பழகிவிட்டது.)

டீயைக் குடித்தான். மடிக்கணினியைத் திறந்தான். திரையில் 'வெளியிடு' என்ற பட்டன் இருந்தது. பார்த்தான். மூடினான். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.

இந்தக் கதை வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு வேலை இருந்தது. ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அரை நொடி ஆகும். அதைச் செய்யாமல் தப்பிக்க, பட்டனை அமுக்காத ஒருவனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இன்றோடு பதினொரு நாள். அவனுக்கு இத்ரீஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன். என் பெயர் அதுவல்ல. மற்றதெல்லாம் ஏறக்குறைய.

0.2

கேளம்பாக்கத்தில் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு கட்டடம். போர் தண்ணீர் உப்பு. நெம்மேலியில் கடலையே நல்ல தண்ணீராக்கிக் குழாயில் சென்னைக்கு அனுப்புகிறார்கள். இந்தக் கட்டடத்துக்கு லாரிதான். வாசலில் இருபது நிமிடம் நிற்கும். இறங்கி வந்தவருக்குத் தண்ணீர் உண்டு. லாரி ஓட்டும் தீனதயாளனுக்கு நேரம் கிடையாது, லாரிக்கு ஹாரன் கிடையாது.

இத்ரீஸின் மனைவி சுராயா கேட்டது ஒன்றே ஒன்று.

"மொதல்ல பாக்கறவங்க ஒரு பட்டன் அமுக்கணும். பன்னெண்டு வூட்லயும் போன்ல மணியடிக்கணும். அவ்ளோதான் மச்சான்."

அதற்கான செயலி ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அவன் பதினான்கு மாதம் செய்தான்.

கடவுச்சொல் வைத்தான். இரவு வண்ணம், பகல் வண்ணம் வைத்தான். மூன்று வாரம் உட்கார்ந்து லாரிச் சக்கரம் சுழல்வதை வரைந்தான். பாதியில் வேறொரு நிரல்மொழி நன்றாக இருக்கிறது என்று யாரோ எழுதியதைப் படித்து, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கினான். இப்படிப் பாதியில் நின்றவை அவன் கணினியில் ஏற்கெனவே இருபத்திரண்டு. மிகப் பழையது, பொத்தேரியில் படித்தபோது தொடங்கிய விடுதிச் சாப்பாட்டுப் பட்டியல். அந்த மெஸ்ஸையே இடித்துவிட்டார்கள். செயலி இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது.

0.3

சுராயா எனக்கு வரமாட்டேன் என்கிறாள். முதல் வரைவில் அமைதியான, மென்மையாகச் சிரிக்கிற, கணவனைப் புரிந்துகொண்ட ஒரு

(விட்டுவிட்டேன். யார் இவள்?)

சுராயா சத்தமாகப் பேசுவாள். கோவளத்தில் மீன்வலைக் கடை வைத்திருப்பவரின் மகள். கடைச் சரக்கில் ஒரு முடிச்சு தளர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும் கை. அதே கையால் செயலியைச் சோதிப்பாள். குறைகளை அடுத்த அறையிலிருந்தே குரல் செய்தியாக, எண் போட்டு அனுப்புவாள். எல்லாம் அவன் போனில் இருக்கிறது.

"நம்பர் நாலு. லாரி வந்து நிக்கிது, இது பாஸ்வேர்டு கேக்குது. நான் இன்னா பேங்க்லயா கீறேன்?"

"நம்பர் ஏழு. சக்கரம் நல்லா சுத்துது மச்சான். தண்ணி எங்க?"

மொத்தம் பதினாறு. அவள் இருந்தபோது அவன் சரிசெய்தது இரண்டு.

0.5

(0.4இல் மழை பெய்தது. அழித்துவிட்டேன்.)

தொடங்கியதை முடிக்கும் ஒழுக்கம் வருவதற்கு அலுவலக நண்பன் அப்பாஸ் பல வழி சொன்னான். அவனும் இவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். எழுதும்போது குழப்புகிறது. காதில் விழும்போது ஒருநாளும் குழம்பியதில்லை.

நாட்காட்டியில் தினமும் சிவப்புக் குறி போடு என்றான். இத்ரீஸ் குறி போடுவதற்கு ஒரு செயலி தொடங்கினான். அது இருபத்து நான்காவது. ஊரை விட்டுப் போய் உட்காரு என்றான். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த அறை எடுத்து இரண்டு நாள் உட்கார்ந்தான். பின்னணி நிறத்தை நீலமாக்கிவிட்டுத் திரும்பி வந்தான். சுராயா பார்த்தாள். அறை வாடகைக்கு ஹாரன் வாங்கித் தீனதயாளனிடம் கொடுத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

பிறகு அவளுக்கு இரண்டு நாள் தலைவலி. மூன்றாம் நாள் மருத்துவமனை. நான்காம் நாள் இல்லை. மூளையில் ஒரு ரத்தக்குழாய் என்றார்கள்.

அதற்கடுத்த நாற்பது நாளில் இத்ரீஸ் மீதிப் பதினான்கையும் சரிசெய்தான். ஒவ்வொரு செய்தியாகக் கேட்பான், செய்வான், சோதிப்பான், தீர்ந்தது என்று குறித்து மூடுவான். கடவுச்சொல் போயிற்று. சக்கரமும் போயிற்று. 'லாரி வந்தாச்சு' என்று ஒரு பட்டன் மிஞ்சியது. ஒழுக்கம் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வீட்டில் சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

0.8

இங்கே கதைக்கு ஒரு நெருக்கடி வேண்டும். இரண்டாம் மாடி செங்கமலம் வருகிறாள்.

அவளுக்குச் செங்கல்பட்டில் அரசு அலுவலகத்தில் வேலை. எட்டு மணிக்குப் பேருந்து. அதற்கு முன் லாரி வருவது தெரியாமல் இந்த மாதம் ஆறு முறை தண்ணீரைத் தவறவிட்டிருக்கிறாள். படிக்கட்டில் இத்ரீஸை நிறுத்தினாள். அவன் மனைவியே சொன்னாளாம், செயலி வரப்போகிறது என்று. கோபப்படவில்லை.

"முடிஞ்சிச்சுன்னா குடுங்க தம்பி. முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. நான் காத்துகினு இருக்க மாட்டேன்."

முடியவில்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை. முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. அன்று மாலை அப்பாஸ் வந்தான். திரையைப் பார்த்தான். பதினாறு குறையும் மூடியிருப்பதை எண்ணிப் பார்த்தான்.

"எல்லாம் ரெடியா கீது. அமுக்கறதுக்கு இன்னாடா பேஜாரு?"

இத்ரீஸ் டீ போடப் போனான்.

0.9

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அ. அமுக்குகிறான். மறுநாள் காலை ஏழு பத்துக்குப் பன்னிரண்டு வீட்டிலும் மணியடிக்கிறது. செங்கமலம் குடத்தோடு இறங்குகிறாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவன் கண்

(போதும்.)

ஆ. அமுக்கவில்லை. செங்கமலம் ஒரு சைக்கிள் மணி வாங்கித் தீனதயாளனிடம் கொடுக்கிறாள். பிரச்சினை தீர்ந்தது. பதினான்கு மாதச் செயலியை ஒரு மணி தோற்கடித்தது. மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்த முடிவைப் படிக்க வேண்டாம்.

இ. அவன் டீ போடும்போது அப்பாஸ் அமுக்கிவிடுகிறான்.

இ எனக்குப் பிடித்திருந்தது. எழுதி முடித்தும்விட்டேன். ஆனால் அன்று அப்பாஸ் அமுக்கவில்லை. டீ குடித்துவிட்டு, சர்க்கரை கூட என்று சொல்லிவிட்டுப் போனான்.

0.9.1

பட்டனை அமுக்க வைக்க எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு. சுராயாவின் கடைசி வார்த்தையை நான் எழுதிக்கொள்ளலாம். "தைரியமா இரு" என்று வைத்துப் பார்த்தேன். அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. "முடிச்சிடு மச்சான்" என்று வைத்தேன். கதைக்கு இது போதும். அவன் அமுக்குவான், நானும் அமுக்குவேன், செங்கமலத்துக்குத் தண்ணீர் கிடைக்கும்.

அவள் அதைச் சொல்லவில்லை.

ஸ்கேன் அறை வாசல். பகல் பதினொன்றரை. நர்ஸ் வந்து அவள் வளையல்களைக் கழற்றினாள். அதுவரை சுராயா படுத்தபடியே செயலியை அமுக்கிக் குறை தேடிக்கொண்டிருந்தாள். போனை என் கையில் கொடுத்தாள். அவன் கையில். ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்கள்.

முடிவை நீங்கள் வையுங்கள். அவள் சொன்னதை மட்டும் நான் எழுதிவிடுகிறேன்.

"மச்சான், இன்னும் ஒன்னு கீது. வந்து சொல்றேன்."